ஐந்து புதன்கிழமைகளும் ஒரு பதாகையும்

கடந்த மாதம் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. கொழும்பில் இயங்கும் பெரிய தனியார் நிறுவனம் ஒன்று தனது ஊழியர்களைத் தொண்டர்களாகத் திரட்டி, வட கொழும்பின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகள் சிலவற்றில் படிப்பில் நாட்டமிழந்து இடைவிலகும் நிலையிலுள்ள பத்தாம், பதினோராம் தர மாணவர்களுக்கு வழிகாட்டிகளாக அனுப்பவிருக்கிறதாம். ஓர் ஊழியருக்கு ஒரு மாணவர். ஆறு வாரம், வாரம் ஒரு சந்திப்பு. ஏழாவது வாரம் ஹோட்டல் ஒன்றில் சான்றிதழ் வழங்கும் வைபவம். அதற்கு நான் சிறப்பதிதியாக வரவேண்டும். அதற்கு முன்னர் முயற்சியை வாழ்த்தி நாலு வார்த்தை எழுதவும் வேண்டும்.

இரண்டையும் மறுத்துவிட்டேன். தொலைபேசியில் பேசிய மனிதவள முகாமையாளர் மிகவும் பண்பானவர். காரணத்தைக் கேட்டுவிட்டு, "ஒன்றும் இல்லாததற்கு இது நல்லதுதானே சேர்?" என்றார்.

இல்லை என்பதே எனது பதில். ஒன்றும் இல்லாதது சில வேளைகளில் இதனைவிட நல்லது. இதைத் தொலைபேசியில் விளக்க முடியவில்லை, எனவே எழுதுகிறேன். பிறரைக் குற்றஞ்சாட்டுவதற்கு முன்னர் எனது கணக்கை முதலில் ஒப்புவித்துவிடுகிறேன்.

2011ஆம் ஆண்டு நான் பணியாற்றிய பத்திரிகையும் ஒரு வர்த்தக நிறுவனமும் சேர்ந்து இதே போன்றதொரு திட்டத்தை நடத்தின. அப்போது அது ஐந்து வாரம். ஆசிரியபீடத்திலிருந்து எட்டுப் பேர் பெயர் கொடுத்தோம். பெயர் கொடுத்தோம் என்பதும் முழு உண்மையல்ல; மேலிடம் விரும்பியது, கொடுத்தோம். புதன்கிழமைதோறும் பிற்பகல் 1.30க்குப் பாடசாலை விட்டபின் ஒரு மணித்தியாலம் மாணவருடன் பேசவேண்டும். எனக்குக் கிடைத்தவன் மட்டக்குளியைச் சேர்ந்த பதினைந்து வயதுப் பையன். பத்தாம் தரம். தாய் சவூதியில் வீட்டு வேலை. தந்தையைப் பற்றி அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மம்மாவுடன் இருந்தான். பாடசாலை விட்டதும் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்குப் போய் இரவு எட்டு மணிவரை நிற்பான். இதெல்லாம் வகுப்பாசிரியை தந்த குறிப்பு.

முதல் புதன்கிழமை அவன் வாயே திறக்கவில்லை. நான் பேசினேன். ஊடகத்துறையின் மகிமை, விடாமுயற்சி, அப்துல் கலாம் என்று இப்போது நினைத்தாலும் கூசும் அளவுக்குப் பேசினேன். இரண்டாவது புதன்கிழமை தற்செயலாக, கடையில் கணக்கு எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஐம்பது கிலோ மூட்டை ஒன்றின் கொள்விலை, ஏற்றுகூலி, கழிவு, சில்லறை வியாபாரிக்குப் போகும் விலை என்று மனக்கணக்காகவே ஒப்புவித்தான். தவணைப் பரீட்சையில் கணிதத்திற்கு அவன் பெற்ற புள்ளி பதினொன்று. அந்த மனக்கணக்குத்தான் பாடப்புத்தகத்தில் சதவீதம் என்ற பெயரில் இருக்கிறது என்று சொன்னபோது, என்னை அவன் சந்தேகத்தோடுதான் பார்த்தான். ஆனால் புத்தகத்தைத் திறந்தான். நாலு கணக்குச் செய்தான். மூன்று சரி. புறப்படும்போது, "சேர், அடுத்த கிழமையும் வருவீங்களா?" என்று கேட்டான்.

வருவேன் என்று சொன்னேன்.

அடுத்த கிழமை நான் போகவில்லை. ஒக்ரோபர் 8ஆம் திகதி கொழும்பு மாநகர சபைத் தேர்தல். அதற்கு முந்திய வாரங்களில் செய்தி ஆசிரியர்கள் எவரும் மேசையைவிட்டு எழும்பமுடியாது. அதற்கடுத்த வாரமும் அதே கதை. நான்காவது வாரம் எனக்குப் பதிலாக ஓர் இளம் நிருபரை அனுப்பிவைத்தேன். பையன் அன்று வரவில்லை என்றார். ஐந்தாவது வாரம் நேரே சான்றிதழ் வைபவம். எட்டு மாணவர்களில் ஐவர் வந்திருந்தார்கள். அவன் இல்லை. நானும் என் சான்றிதழைப் பெற்றுக்கொண்டேன். மறுநாள் பத்திரிகையில் நான்கு பத்தி அகலத்தில் படம் வந்தது. அந்தப் படத்திற்கான விளக்கத்தை எழுதியவனும் நான்தான்.

2016இல் புறக்கோட்டை மலிபன் வீதியில் கடதாசி வாங்கப் போயிருந்தேன். கைவண்டி இழுத்துக்கொண்டு வந்த நாட்டாமை ஒருவர் வண்டியை நிறுத்தி, "சேர், நீங்க அந்தப் பேப்பர் சேர்தானே?" என்றார். இருபது வயது வாலிபன். எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவனே சொன்னான். மன்னிப்புக் கேட்பதற்கு நான் தட்டுத்தடுமாறி ஏதோ ஆரம்பித்தபோது அவன் சிரித்தான். "அதுக்கென்ன சேர், உங்களுக்கு வேலை. நான் ரெண்டு புதன்கிழமை கடைக்குப் போகாம நின்னன். முதலாளி ரெண்டு நாள் சம்பளத்தை வெட்டிட்டார். மூணாவது கிழமை கடைக்கே போயிட்டன்" என்றான். பின்னாலிருந்து லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

பதினைந்து வயதுப் பையன் ஒருவன் எனது வாக்கை நம்பி இரண்டு நாள் கூலியை இழந்திருக்கிறான். நான் எதை இழந்தேன்? ஒன்றுமில்லை. எனக்குக் கிடைத்தது ஒரு சான்றிதழும் ஒரு படமும். முகாமையாளர் அவர்களே, ஒன்றுமில்லாததற்கு இது நல்லதா?

இது என் தனிப்பட்ட குற்றவுணர்வின் புலம்பல் என்று சிலர் ஒதுக்கிவிடக்கூடும். எனவே இத்தகைய திட்டங்கள் நீண்டகாலமாக நடந்துவரும் நாட்டைப் பார்ப்போம். அமெரிக்காவில் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் என்ற அமைப்பின் வரலாறு 1904இல் நியூயோர்க்கில் தொடங்குகிறது. வளர்ந்தவர் ஒருவர் சிறுவர் ஒருவருக்குத் துணையாக இருத்தல் என்பதே அதன் வேலை. 1995இல் வெளியான ஆய்வொன்று அதன் எட்டு நகரக் கிளைகளைச் சேர்ந்த 10 முதல் 16 வயதுவரையான சிறுவர்களைப் பரிசோதித்தது. துணை கிடைத்தவர்கள், காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிட, பாடசாலைக்கு ஒரு நாள் கள்ளமடிக்கும் வாய்ப்பு 52 சதவீதம் குறைவாக இருந்தது. இந்த 52 சதவீதத்தைத்தான் உலகெங்கிலும் கூட்டாண்மை சமூகப் பொறுப்புப் பிரிவினர் தமது விளக்கப்படங்களில் போடுகிறார்கள். அவர்கள் போடாமல் விடுவது ஒன்று உண்டு. அந்தத் துணைவர்களில் பெரும்பாலானோர் மாதம் மூன்று தடவையேனும், தடவைக்கு மூன்று நான்கு மணித்தியாலங்கள், ஏறக்குறைய ஓராண்டு காலம் அந்தப் பிள்ளைகளோடு இருந்தார்கள். ஆறு வாரமல்ல.

அதே தரவுகளை மீண்டும் எடுத்து ஆராய்ந்த ஜீன் குரோஸ்மன், ஜீன் றோட்ஸ் ஆகிய இருவரும் 2002இல் வெளியிட்ட கட்டுரை இன்னும் கசப்பானது. ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகளே அதிக பயனைத் தந்தன. மூன்று மாதத்திற்குள் முறிந்துபோன உறவுகளில் இருந்த பிள்ளைகளோ, தம்மைப் பற்றிய மதிப்பிலும் படிப்பில் தமது திறமை பற்றிய நம்பிக்கையிலும் முன்பிருந்ததைவிடக் கீழே போயிருந்தார்கள். இதை விளங்கிக்கொள்ள ஆய்வாளராக இருக்கவேண்டியதில்லை. ஏற்கனவே ஒரு தந்தை போய்விட்டார், ஒரு தாய் விமானம் ஏறிவிட்டார், ஆசிரியர் ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். இப்போது கழுத்தில் அடையாள அட்டையோடு வந்த 'பெரிய சேரும்' போய்விட்டார். போனதற்குக் காரணம் நான்தான் என்று அந்தப் பிள்ளை எண்ணாமல் வேறு என்ன எண்ணும்?

பாடசாலைக்குள்ளேயே நடத்தப்படும் வழிகாட்டல் பற்றி 2007இல் வெளியான பெரிய ஆய்வும் உண்டு. முதலாவது கல்வியாண்டின் முடிவில் படிப்பில் முன்னேற்றம் தெரிந்தது. அடுத்த ஆண்டின் பிற்பகுதிக்குள் அதில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. ஒரு முழுக் கல்வியாண்டே கரைந்துபோகிறது என்றால் ஆறு வாரத்தின் கதி என்ன?

பேச்சுப் போட்டி மேடையில் பேசுவதுபோல் 'உன்னால் முடியும் தம்பி' என்று முழங்குவதற்கு அப்பால், இந்தப் பிள்ளைகள் ஏன் விலகுகிறார்கள் என்று இந்த நிறுவனங்கள் எப்போதாவது கேட்டதுண்டா? நான் பார்த்தவரையில் எந்த மாணவனும் ஒரே நாளில் இடைவிலகுவதில்லை. தீபாவளிக்கும் நத்தாருக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் முந்திய வாரங்களில் புறக்கோட்டைக் கடைகளுக்குக் கூடுதலாகப் பையன்கள் தேவை. அந்த வாரங்களில் வரவுப் பதிவேட்டைப் பாருங்கள், தெரியும். திரும்பி வரும்போது பாடம் இரண்டு அலகு ஓடிவிட்டிருக்கும். விளங்காத வகுப்பில் உட்கார்ந்திருப்பது ஒருவகை அவமானம். அந்த அவமானத்தைவிடக் கைவண்டி மேல். அங்கே மாலையில் கையில் காசு வரும். பெண் பிள்ளைகளின் கதை வேறு. தாய் வெளிநாடு போனதும் வீட்டில் சின்னவர்களுக்குத் தாயாவது மூத்த மகள்தான். அவள் கடைக்குப் போகமாட்டாள், வீதியில் தெரியமாட்டாள், யாருடைய கணக்கிலும் வரமாட்டாள்.

2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் நீண்டகாலம் மூடிக்கிடந்தன. தொலைபேசியில் படிப்பு என்றார்கள். ஒரு தொலைபேசிக்கு மூன்று பிள்ளைகள் இருந்த வீடுகள் எத்தனை! அது முடியுமுன் 2022இன் நெருக்கடி. மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். பத்திரிகைகளே அச்சிட வழியின்றித் திண்டாடிய காலம் அது. அந்த ஆண்டுகளில் பாடசாலைப் படியைவிட்டு இறங்கிய பிள்ளைகளில் பலர் திரும்ப ஏறவில்லை. இன்று பத்தாம், பதினோராம் தரங்களில் தடுமாறுபவர்கள் அன்று ஆரம்பப் பிரிவில் எழுத்துக்கூட்டிப் பழகவேண்டிய வயதில் இருந்தவர்கள்.

சட்டம் இல்லாமலில்லை. 1997இன் ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயதுவரை கல்வியைக் கட்டாயமாக்கின. 2016இல் அது 16 வயதாக உயர்ந்தது. வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயதும் 2021இல் 14இலிருந்து 16 ஆயிற்று. நான் சந்தித்த அந்தப் பையனின் வயதில் ஒருவனைக் கடையில் வேலைக்கு அமர்த்துவது 2011இல் அன்றைய ஆகக்குறைந்த வயது விதியை மீறியதல்ல. இன்று குற்றம். ஆனால் கடைக்குப் பின்புறம் இருட்டறையில் மூட்டை அடுக்கும் பையனிடம் யார் வயதைக் கேட்கிறார்கள்?

இந்த இடத்தில் இடதுசாரி நண்பர்கள் சிலர் எனக்குக் கைதட்டக்கூடும். "சரியாகச் சொன்னீர், இது அரசாங்கத்தின் கடமை, கம்பனிகளுக்குப் பாடசாலையில் என்ன வேலை? கன்னங்கரா தந்த இலவசக் கல்வியைத் தனியார் கையில் கொடுப்பதா?" அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. அரசாங்கத்தின் கடமைதான், யார் மறுத்தார்கள்? அரசாங்கம் தன் கடமையைச் செய்து முடிக்கும்வரை அந்தப் பிள்ளைக்குப் பதினைந்து வயது காத்திருக்குமா? தவிரவும், ஓர் ஆசிரியரால் செய்யமுடியாத ஒன்றைத் தொழில் செய்பவரால் செய்யமுடியும். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் பாடத்திட்டத்தின் பின்னால் ஓடும் ஆசிரியை, ஒரு பையனின் மனக்கணக்கைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அவருக்கு வெளியுலகத் தொழில்களின் வாசலும் தெரியாது. அது அவர் குற்றமல்ல.

சாதாரண தரத்தில் தவறினால் வாழ்க்கை முடிந்தது என்றுதான் நமது சமூகம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. 2017இல் தொடங்கிய பதின்மூன்று வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தின் கீழ், சாதாரண தரத்தில் தவறியவரும் தொழிற்பிரிவில் தொடர்ந்து படிக்கலாம் என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் என்றால் என்ன, மொரட்டுவையில் உள்ள ஜேர்மன் டெக்கில் என்ன கற்பிக்கிறார்கள், பயிலுநராகச் சேர யாரைப் பார்க்கவேண்டும், தமிழ்மொழியில் எந்தக் கற்கைநெறி உண்டு, எது சிங்களத்தில் மட்டும் நடக்கிறது? இவை விண்ணப்பப் படிவத்தை நிரப்பித் தந்து, கூடவே பஸ் ஏறி வந்து, கருமபீடத்தில் தயங்கி நிற்கும் பிள்ளைக்காக இரண்டு வார்த்தை பேசும் ஒரு மனிதரால் தீரும் விடயங்கள். அதற்கு மேடை வேண்டாம்.

ஆனால் யார் அந்த மனிதர்? இங்கேதான் நிறுவனங்கள் இன்னொரு தவறு செய்கின்றன. எப்போதும் நிறைவேற்று அதிகாரிகளையே அனுப்புகிறார்கள். ஆங்கிலம் கலந்து பேசும், காரில் வந்து இறங்கும் ஒருவரைப் பார்த்து அந்தப் பையன் என்ன கற்பான்? தனக்கும் அவருக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான்.

எங்கள் பத்திரிகையின் அச்சுக்கூடத்தில் இயந்திரம் ஓட்டிய ஒருவர் இருந்தார். 2011 திட்டத்தின் தொண்டர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. முதல் நாள் புத்தகப் பெட்டிகளைத் தூக்கிவர உதவிக்கென்று அழைத்துப் போனோம், அவ்வளவுதான். அவருக்கு இரவு வேலை. பகலில் நேரம் உண்டு. எங்கள் எண்மரின் திட்டம் முடிந்த பிறகும், வேறொரு பையனைப் பார்க்க அவர் மட்டும் புதன்கிழமைகளில் போய்வந்துகொண்டிருந்தார். ஆசிரியை சொல்லித்தான் இரண்டு ஆண்டுகளின் பின்னர் எனக்குத் தெரியவந்தது. என்ன கற்பித்தீர்கள் அண்ணே என்று கேட்டேன். "நான் எட்டாம் வகுப்பு சேர், நான் எதைப் படிப்பிக்க? கொப்பியைக் காட்டச் சொல்லுவன். எழுதாட்டி ஏன் எழுதல்லன்னு கேப்பன். வராட்டி வீட்டுக்குப் போவன்" என்றார். அந்தப் பையன் சாதாரண தரத்தில் இரண்டாம் முறைதான் தேறினான். பிறகு குளிரூட்டிகள் திருத்தும் தொழில் பயின்றான். ஊடகத்துறையின் மகிமை பற்றி அவனுக்கு எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

எனவே திட்டமே வேண்டாம் என்பதல்ல என் வாதம். செய்வதாக இருந்தால் ஒரு முழு ஆண்டுக்குச் செய்யுங்கள். வாரம் ஒரு மணித்தியாலம் என்றால் ஆண்டிற்குப் பாடசாலை நடக்கும் நாற்பது வாரங்களில் நாற்பது மணித்தியாலம். ஓர் ஊழியர் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் மணித்தியாலம் வேலை செய்கிறார். நூற்றுக்கு இரண்டு பங்கு. அந்த இரண்டு பங்கை வேலைநேரமாகக் கணக்கிட்டுச் சம்பளத்தோடு கொடுங்கள். மாலை ஐந்து மணிக்குப் பிறகு போ என்றால் அப்போது பாடசாலையில் காவலாளிதான் இருப்பார். லீவு போட்டுவிட்டுப் போ என்றால், தொண்டு செய்பவர் ஊழியரே அன்றி நிறுவனம் அல்ல; அந்தத் தொண்டை ஆண்டறிக்கையில் தனது பெயரில் எழுதிக்கொள்ள நிறுவனத்திற்கு உரிமை கிடையாது. பிள்ளை பகுதிநேர வேலை செய்பவனாக இருந்தால், அவன் இழக்கும் கூலியைப் பற்றியும் பாடசாலையோடு பேசி ஒரு வழி காணுங்கள். ஹோட்டல் வைபவச் செலவு அதற்குப் போதும், மிஞ்சவும் செய்யும்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பின் தெரியாத வளர்ந்தவர்களைச் சிறுவர்களோடு தனியே விடுகிறோம். சந்திப்பு பாடசாலைக்குள், ஆசிரியர் கண்பார்வையில் நடக்கவேண்டும். வீட்டுக்குப் போவதென்றால் பாடசாலைக்கும் பெற்றோருக்கும் தெரிந்து போகவேண்டும். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கம் அந்தப் பிள்ளையின் கொப்பி அட்டையில் முதல் நாளே எழுதப்பட்டிருக்கவேண்டும். நான் பார்த்த அழகிய கையேட்டில் நிறுவனத்தின் இலச்சினை ஒன்பது இடங்களில் இருந்தது. இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எல்லாவற்றிலும் என்னைச் சினங்கொள்ளச் செய்தது பதாகையின் மாதிரிப் படம். மேடைக்குப் பின்னால் தொங்கவிடப்போகும் அந்தப் பதாகையில் பெரிய எழுத்தில் 'இடைவிலகும் அபாயத்திலுள்ள மாணவர்களுக்கான வழிகாட்டல்' என்று போட்டிருந்தார்கள். அதன் முன்னால் அந்தப் பிள்ளைகளை நிற்க வைத்துப் படம் எடுத்து முகநூலில் போடுவார்கள். மறுநாள் வகுப்பில் அவர்களுக்கு என்ன பட்டப்பெயர் கிடைக்கும் என்று யோசிக்க அங்கே ஒருவருமா இல்லை? உங்கள் பிள்ளை கணிதத்தில் பதினொரு புள்ளி வாங்கினால் அதைப் பதாகையில் எழுதி ஹோட்டலில் தொங்கவிடுவீர்களா?

இவற்றையெல்லாம் முகாமையாளருக்குக் கடிதமாகவும் எழுதினேன். விழாவை விட்டுவிட்டுத் திட்டத்தை ஓராண்டாக்கினால், எனக்கு ஒரு பிள்ளையைத் தாருங்கள், நாற்பது புதன்கிழமையும் வருகிறேன், இப்போது ஓய்வுபெற்றவன், எந்தத் தேர்தலும் என்னை மேசையில் கட்டிவைக்காது என்றும் எழுதியிருந்தேன். மூன்று வாரமாகிறது. பதில் வரவில்லை. பதாகையை அச்சிடக் கொடுத்துவிட்டார்கள் என்று கிராண்ட்பாஸில் அச்சகம் வைத்திருக்கும் நண்பர் நேற்றுச் சொன்னார்.